அணைத்த பிறகும் மினுங்கிய பல்பு

தாராவியில் பூமாரியின் வீடு பழையது. அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ இழுத்த கரண்ட் வயர்கள் சுவரில் கருத்துப்போய்க் கிடந்தன. சமையல் மூலையில் இருந்த பல்பு ஒரு வாரமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பூதத்தான் மாமா வந்தார். குழாய், பூட்டு, மின்விசிறி என்று எது கெட்டாலும் அந்தச் சந்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஹோல்டர் பழுதாகிவிட்டது, மாற்றினால் போதும் என்றார். சுவிட்சை அணைத்தார். பல்புக்கு நேர்கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பூமாரி பல்பையே பார்த்தாள். அணைத்த பிறகும் அது மின்மினிப்பூச்சி அளவுக்கு மினுங்கியது. கரண்ட் இல்லையென்றால் எப்படி மினுங்கும்?

மாமா ஸ்குரூ டிரைவரை எடுக்கத் திரும்பினார். அவள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிட்டி," என்றாள் அம்மா பானுமதி.

"மாட்டேன். அணைச்ச பொறவும் பல்பு மினுங்குது. உள்ள கரண்டு இருக்கு."

மாமா சிரித்தார். முப்பது வருஷமாகத் தான் இந்த வேலை பார்ப்பதாகவும், புது மாதிரி பல்புகள் கொஞ்ச நேரம் மினுங்கித்தான் அடங்கும் என்றும் சொன்னார்.

"சரி மாமா. அடங்கட்டும். அதுவரைக்கும் இங்கயே இருக்கேன்."

அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். மாமா குடித்து முடித்தார். பல்பு அடங்கவில்லை. பெரியவர்களை மதிக்கத் தெரியாதா என்று அம்மா திட்டினாள். பூமாரிக்கு முகம் சிவந்தது. ஆனால் நகரவில்லை. வீட்டில் வேறு ஸ்டூலும் கிடையாது. மாமா அரிசி டிரம்மின் மேல் ஏறிப் பார்த்தார். மூடி நெளிந்தது. இறங்கிவிட்டார்.

"ரவூப் பாயக் கூப்பிடுங்க மாமா. அவரு டெஸ்டர் வச்சுப் பாத்து ஒண்ணுமில்லன்னா நானே எந்திரிக்கேன்."

அப்துல் ரவூப் மெயின் ரோட்டில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். அவர் வந்து, விஷயத்தைக் கேட்டு, ஸ்டூலைத் தரும்படி பூமாரியிடம் மரியாதையாகக் கேட்டார். கொடுத்தாள்.

பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தார். உள்ளே கரண்ட் இருப்பதைக் காட்டி அது சிவப்பாக எரிந்தது.

மாமா தன் வலது கையை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ரவூப் பாய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பல்பின் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தார். கரண்ட் வருகிற வயரில் இருக்க வேண்டிய சுவிட்சை, திரும்பிப் போகிற வயரில் யாரோ மாற்றிப் போட்டிருந்தார்கள். அதனால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டர் வரைக்கும் கரண்ட் வந்து நின்றது.

வயர்களை மாற்றி, புது ஹோல்டர் போட்டு, பல்பை மாட்டினார். மெயினை ஏற்றி, சுவிட்சைப் போட்டு அணைத்தபோது பல்பு முழுவதுமாக இருண்டது. அம்மா மகளின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "பாய், எங்க வீட்டயும் ஒருக்கா பாத்துருங்க."

"அதுவரைக்கும் நீங்க எதையும் தொடக் கூடாது மாமா," என்றாள் பூமாரி.

"தொடமாட்டேன்ட்டி," என்று அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.