யுகிமோரிக்கு வழி

இரண்டாம் தண்டவாளத்தில் மட்டும் பனி இல்லை.

காலையிலிருந்து கொட்டிய பனி பிளாட்பாரத்தையும் வேலியையும் மூடியிருக்க, மார்ச்சுக்குப் பிறகு எந்த வண்டியும் ஓடாத அந்தக் கம்பிகள் மட்டும் துடைத்து வைத்தது போலப் பளபளத்தன. சூடான எண்ணெய் வாடையும் பிரேக் கட்டை கருகும் வாடையும் அவற்றிலிருந்து மெல்ல எழுந்து ஸ்டேஷன் மாஸ்டர் குராமோச்சியின் மூக்கில் ஏறின.

முன்பெல்லாம் யுகிமோரி எக்ஸ்பிரஸ் அதில்தான் போகும். மலைக்கு அந்தப் பக்கம் புல்லட் ரயில் வந்ததும் ஜனம் அங்கே சாய்ந்தது. முதலில் சாப்பாட்டுப் பெட்டியைக் கழற்றினார்கள், பிறகு படுக்கைப் பெட்டிகளை, கடைசியில் வண்டியையே நிறுத்தினார்கள். குராமோச்சியின் கைக்கு மட்டும் சேதி எட்டவில்லை. வண்டி வருமுன் பாதையைக் கையால் சுட்டி, சரி என்று வாய்விட்டுச் சொல்வது அங்கே ரயில்வே விதி; பழக்க தோஷம். அந்தி சாய்ந்தால் வெற்றுத் தண்டவாளத்தைச் சுட்டிக்காட்டி, "யுகிமோரி வருது, பாதை சரி" என்று உரக்கச் சொல்லிவிடுவார்.

தபால் ஆபீஸ் வேலை முடிந்து வண்டி ஓடாத அந்தத் தண்டவாளத்தின் மேலேயே நடந்து வீடு திரும்பும் மகள் சிஹாருவுக்கு இது தினசரி வேடிக்கை. "செத்த வண்டிக்கு வழி விடுறீங்களே, பேய்க்கெல்லாம் யாருப்பா டிக்கெட் கிழிப்பா?"

முந்தாநாள் அவர் சொன்னதும் தரை அதிர்ந்தது. நேற்று, வளைவுக்கு அப்பாலிருந்து ஊதல் பதில் சொன்னது. வழி கொடுக்கக் கொடுக்க அது கிட்டே வருகிறது. இன்று வாயே திறப்பதில்லை என்று கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். அவருக்குப் பயமாக இருந்தது.

பிளாட்பாரத்தின் முனையில் சிஹாருவின் குடை தெரிந்தது. இரண்டாம் தண்டவாளத்தின் நடுவே.

"மேல ஏறி வாம்மா. சீக்கிரம்."

"என்னப்பா, இன்னிக்கு உங்க வண்டிய மறந்துட்டீங்களா?" சிரித்தபடி அவரைப் போலவே விறைப்பாக நின்றாள். "நான் சொல்றேன், இருங்க."

"வேணாம்."

அவள் கை நீண்டது. "யுகிமோரி வருது. பாதை சரி."

சத்தமே இல்லை. காற்று மட்டும். வெளிச்சமான ஜன்னல்கள் அவரைக் கடந்து ஓடின. ஒன்று. இன்னொன்று. ஜன்னல்தோறும் ஆட்கள். எல்லாரும் அவரையே பார்த்தபடி. கடைசி ஜன்னலில் சிஹாரு. கண்ணாடியில் உள்ளங்கைகளைப் பதித்து, அப்பா என்று வாயசைத்தாள்.

வண்டி கடந்ததும் பின்விளக்கைச் சுட்டிக்காட்டி அனுப்ப வேண்டும். அது விதி. அவர் கை பையிலிருந்து தானாக வெளியே வந்தது. மறு கையால் பிடித்து இழுத்தார். அழுதார். அது இறங்கவில்லை. தூரத்துச் சிவப்பை நோக்கி நீண்டது.

"பின்விளக்கு சரி," என்றது அவர் வாய். "போகலாம்."