கண்ணாடிக்குள் இருந்த பையன்

உலகத்தில் எந்த மனிதரையும் அண்ணன் ஐந்தே நிமிடத்தில் மனோவசியம் செய்துவிடுவான். இதை அண்ணனே சொன்னான். நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் அவன் முப்பது பக்கம் படித்திருந்தான். மீதித் தொண்ணூறு பக்கம் மந்தமான ஆட்களுக்கானது என்பது அவன் கருத்து.

"மனோவசியம்னா என்ன அண்ணா?" என்று கேட்டாள் சின்னு. அவளுக்கு வயது ஒன்பது.

"ஒருத்தரோட கவனத்தை ஒரே இடத்துல நிறுத்தணும். அப்புறம் நாம சொல்றதைக் கேப்பாங்க. உனக்கெல்லாம் புரியாது."

சின்னுவுக்கு நன்றாகவே புரிந்தது.

அவர்கள் அப்போது முடிதிருத்தும் கடையில் இருந்தார்கள். நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் பலகை போட்டு, அதில் வீட்டின் கடைக்குட்டியான பொடியனை உட்கார வைத்திருந்தார்கள். அவனுக்கு நான்கு வயது. தலையின் வலது பக்கம் வெட்டியாகிவிட்டது. இடது பக்கம் காடு. காதருகே மெஷின் 'கிர்ர்' என்றதும், போர்த்தியிருந்த துணிக்குள் தலையை இழுத்துக்கொண்டான். ஆமை தோற்றது.

"நாளைக்கு இவன் வகுப்புல போட்டோ எடுக்குறாங்க," என்றாள் சின்னு கவலையோடு. "பாதித் தலையோடயா போய் நிப்பான்?"

"ஆடுற தலையில மெஷின் வைக்க மாட்டேன்மா," என்றார் கடைக்காரர். "காது ஆளுக்கு ரெண்டுதான்."

அண்ணன் எழுந்தான். வீட்டுச் சாவியை ஒரு நூலில் கட்டி, பொடியனின் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"உனக்குத் தூக்கம் வருது. கண்ணு சொக்குது..."

"வரல. மத்தியானமே தூங்கிட்டேன்."

"சாவியை மட்டும் பாரு. வேற எதுவும் உனக்குத் தெரியல..."

"உன் மூக்குல என்னமோ தெரியுது," என்றான் பொடியன்.

பக்கத்தில் கடைக்காரர் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

"பாத்தியா, அவருக்கு வேலை செய்யுது," என்றான் அண்ணன்.

"விடியக்காலையில எந்திரிச்சேன் தம்பி, அதான்," என்றார் அவர்.

சின்னு பொடியனின் காதருகே குனிந்தாள்.

"கண்ணாடிக்குள்ள ஒரு பையன் இருக்கான் பாரு. பாவம், அவனுக்கு மெஷின்னா பயமாம். நீதான் அவனைப் பாத்துக்கணும். ஆடாம இருக்கச் சொல்றியா?"

துணிக்குள்ளிருந்து தலை மெதுவாக வெளியே வந்தது. பொடியன் கண்ணாடியை உற்றுப் பார்த்தான்.

"டேய், ஆடாதடா. நான் இருக்கேன்ல."

கண்ணாடிப் பையன் ஆடவில்லை. மெஷின் இடது காதைச் சுற்றி வந்தது. இரண்டு பையன்களும் இமைகூடக் கொட்டவில்லை. காடு மொத்தமும் தரையில் விழுந்தது.

"இதெல்லாம் மனோவசியமே இல்ல," என்றான் அண்ணன். "கண்ணாடிகிட்ட பேசுறது சின்னப் பிள்ளைங்க வேலை."

"அடுத்து நீங்க வாங்க தம்பி," என்றார் கடைக்காரர்.

முடிவெட்டும் வரை அண்ணன் ராஜா மாதிரி இருந்தான். பின்கழுத்தில் மழிக்கக் கடைக்காரர் சவரக்கத்தியை விரித்ததும், அவன் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறிக்கொண்டன.

"இறக்குங்க தம்பி. ஆடக் கூடாது."

சின்னு அதைப் பார்க்காதது போல ஒரு பழைய பத்திரிகையைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"டேய், ஆடாதடா. நான் இருக்கேன்ல."

பொடியன் சிரிக்க வாயைத் திறந்தான். சின்னு சட்டென்று அதைப் பொத்தினாள். கண்ணாடிக்குள் இருக்கும் பையன் ஆடிவிடக் கூடாதல்லவா?