கீழறை: இருவர்

‘கீழறை: இருவர்’ என்றது திரை.

டெஸ்பினாவுக்குப் புரியவில்லை. கீழ்த்தளத்து சர்வர் அறைக்குள் போனது, கூட வேலை பார்க்கும் கெவ் மட்டும்தான். டார்வின் நகரத்து மழை தகரக் கூரையைப் போட்டுச் சாத்திக்கொண்டிருந்தது; பட்டப்பகலிலேயே ஜன்னல்கள் இருண்டு, நனைந்த கம்பளத்தின் புளித்த வாடை அவள் இருந்த மேலறை முழுக்க நிறைந்திருந்தது. கட்டடத்தின் கதவுகளைப் பூட்டுவதும், அறைக்கு எத்தனை பேர் என்று எண்ணுவதும் ஒரு மெய்நிகர் கணினி. இடியில் அதன் நெட்வொர்க் செத்துப்போய், எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொண்டுவிட்டன. அதற்குள் நுழைய மிச்சமிருந்தது, நெட்வொர்க் இல்லாமலே கட்டளை கொடுக்க, போன வாரம் அவள் அமைத்த சீரியல் கன்சோல் ஒன்றுதான்.

கைபேசியில் கெவ் சிரித்தான். “என்ன தாயே, திறக்கப் போறியா, இல்ல எனக்கு இங்கயே கட்டில் போடப் போறியா?”

“உன்கூட யாரு இருக்கா?”

“யாரு இருப்பா? விளையாடாத, திற.”

என்டர் தட்டினாள். தட்டினால், உள்ளே நுழைபவரின் பெயரைக் கன்சோல் கேட்கும். கேட்கவில்லை. மறுபடி தட்டினாள். செய்திகள் வெளியே வர மட்டும் வழி செய்திருக்கிறாள். உள்ளே நுழையும் சேவையை இயக்கவே மறந்திருக்கிறாள். திரையில் வரிகள் ஓடியதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று எழுந்து போயிருந்தாள். இனித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும். வேறொன்றும் செய்ய முடியாது.

‘கீழறை: விளக்கு அணைந்தது.’

“டெஸ்பி? லைட்டு போச்சு.” சிரிப்பு போயிருந்தது. “சர்வர் ரேக்குக்குப் பின்னாடி யாரோ மூச்சு விடுறாங்க.”

கைபேசி வழியே, சர்வர் மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் அவளுக்கும் கேட்டது. ஈரமான, நிதானமான மூச்சு.

“கிட்ட வருது. திற டெஸ்பி! கெஞ்சிக் கேக்குறேன், திற!”

“முடியல கெவ். என்னால முடியல.”

அழுதுகொண்டே என்டரைக் குத்தினாள். குத்தினாள். அசைவில்லை.

‘கீழறை: ஒருவர்.’

“கெவ்? கெவ்!”

“போயிடுச்சு.” என்றான் கெவ். “கதவு திறக்கவே இல்ல. ஆனா போயிடுச்சு.”

கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மழை நின்றிருந்தது. மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

கைபேசியில் இல்லை.

‘மேலறை: இருவர்.’

மேலறைக் கதவும் பூட்டியேதான் இருந்தது. திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை. தோளுக்கு மேலாக ஈரமான கை ஒன்று நீண்டு வந்து, நிதானமாக என்டரைத் தட்டியது.

திரை பெயர் கேட்டது.