இரண்டு குழாய்களிலும் அக்காவின் ரத்தம்

அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் யாரும் எண்களைச் சொல்வதில்லை. எங்கும் எழுதி ஒட்டப்படாத விதி அது. ஆயினும் பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எவரும் மீறியதில்லை. பரிசோதனை முடிவுகள் வராந்தாவிலேயே பேசி முடிக்கப்பட்டு, உள்ளே நுழையும்போது "எல்லாம் நல்லா இருக்கு" என்ற ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிடும்.

உள்ளே இருந்தவன், மூன்று வாரங்களுக்கு முன் தன் அக்காவின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்தம் ஊறவைக்கும் மூலச்செல்களை, ஏற்றுக்கொண்ட தம்பி.

அன்று காலை வந்த முடிவு வராந்தாவைக் கலங்கடித்தது. கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடத் தொடங்குவதை, கண்ணில் மஞ்சள் படர்வதற்கு முன்பே ரத்தத்திலுள்ள ஒரு புரதம் காட்டிக்கொடுக்கும். உடனே மருந்து ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அப்புரதத்தை அளக்கத் தம்பியிடமும், ஒப்பிட்டுப் பார்க்க அக்காவிடமும் தனித்தனிக் கண்ணாடிக் குழாய்களில் ரத்தம் எடுத்திருந்தார்கள். தம்பியின் அளவு இயல்பாகவே இருந்தது. நலமாக நடமாடும் அக்காவின் அளவோ ஐந்து மடங்கு ஏறியிருந்தது.

"குழாய் மாறியிருக்கு," என்றார் ஆய்வக மருத்துவர். எதையும் தோண்டித் துருவாமல் விடாத அந்த அம்மாளுக்குச் செவிலியர் வைத்த பெயர் 'நோண்டி'.

"அதான் மரபணு சோதனையும் பண்ணியாச்சே," பெரிய டாக்டர் சலித்துக்கொண்டார். "அக்கா பேர் போட்ட குழாய்ல இருக்கறது அக்கா ரத்தம்தான். அவங்களை அட்மிட் பண்ணுங்க."

"இன்னொரு குழாய்?"

"ஒண்ணு சரின்னா இன்னொண்ணும் சரிதானே. நோண்டாதீங்க மேடம்."

நோண்டி செவிலியிடம் திரும்பினார்.

"ரத்தம் எடுக்கறப்ப உள்ள யார் யாரு?"

"நான், அந்தப் பையன், அவங்க அக்கா."

"பேர்ச்சீட்டு ஒட்டினது?"

"கட்டில் மேல இருந்த தட்டுல, குழாய் பக்கத்துல சீட்டை வெச்சேன். அதுக்குள்ள டிரிப்ஸ் ஏத்துற மெஷின் கத்துச்சு. கட்டிலோரம் டியூப் மடங்கிக் கிடந்தது. சரிபண்ணிட்டுத் திரும்பினா ரெண்டும் ஒட்டியிருந்துச்சு. நான்தான் ஒட்டிட்டேன்போலன்னு விட்டுட்டேன் மேடம். அன்னிக்கு மூணு ரூமுக்கு நான் ஒருத்திதான்."

"அக்கா எங்க நின்னாங்க?"

"கதவுக்கிட்ட, கை கழுவிக்கிட்டு இருந்தாங்க."

அக்கா வராந்தா பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். நோண்டி அவளருகே போனார்.

"இந்த வாரம் இங்க நின்னு அழுதீங்களாம்மா?"

"அம்மாகிட்ட போன்ல... டாக்டருங்க கல்லீரல்னு ஏதோ பேசிக்கிட்டாங்க. என் செல்லுதானே உள்ள போய் அவனை அரிக்குது?"

"அப்போ கதவு?"

அவள் யோசித்தாள். "பாதி திறந்திருந்தது."

மதியத்துக்குள் நோண்டி மேலும் ஒரு சோதனை செய்தார். உடலுக்குள் வந்த புதிய செல்கள் உடலையே தாக்காதிருக்கத் தம்பிக்கு மட்டும் தரப்படும் மருந்து, அக்கா பெயரிட்ட குழாயில் இருந்தது.

"அப்போ மரபணு?" என்றார் பெரிய டாக்டர்.

"இப்ப அவன் உடம்புல ரத்தம் ஊறுறதே அக்காவோட செல்லுலேர்ந்துதானே டாக்டர்? எந்தக் குழாயைச் சோதிச்சாலும் அக்கான்னுதான் சொல்லும். அவன் ரத்தத்தை நாமளே மாத்தி வெச்சிட்டு நாமளே மறந்துட்டோம்."

பெரிய டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "புது ரத்தம் எடுங்க. மருந்தை இப்பவே ரெடி பண்ணுங்க. மாத்தினது யாரு?"

"டியூபை மடக்கக் கை எட்டுறது கட்டில்ல இருக்கறவனுக்குத்தான். அக்கா அழுததைக் கேட்டிருக்கான். தன் அளவு ஏறினா, தான்தான் தம்பியைக் கொன்னோம்னு அவங்க ஆயுசுக்கும் நொந்துபோவாங்கன்னு பயம். அக்காவுக்கு ஒண்ணுமில்லன்னு மறுசோதனையில தெரிஞ்சிடும்னு நெனச்சிருப்பான்."

"லூசுப்பய..." அக்கா நோண்டியின் பக்கம் திரும்பினாள். "நெசத்தைச் சொல்லுங்க மேடம். என் செல்லுதானே?"

"இல்லம்மா. செல் ஏத்தறதுக்கு முன்னாடி குடுத்த கடுமையான மருந்து ரத்தக்குழாயைப் புண்ணாக்கியிருக்கு. உங்க செல்லு மேல பழியே இல்ல. இதை எங்கள்ல ஒருத்தராவது உள்ள போய் அவன்கிட்ட சொல்லியிருக்கணும்."

அக்கா எழுந்தாள். கை கழுவினாள், முகக்கவசம் அணிந்தாள். புதிய மருந்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த செவிலியைக் கடந்து கட்டிலருகே போய் நின்றாள்.

"எல்லாம் நல்லா இருக்குல்லக்கா?"

"இல்லடா. நாப்பதுக்குள்ள இருக்கவேண்டியது உனக்கு இருநூறுல நிக்குது."

செவிலியின் கை அப்படியே நின்றது.

"அதை ஏத்தினது என் செல்லு இல்ல, அதுக்கு முன்னாடி உனக்குக் குடுத்த மருந்து. நாளைக்கு எவ்வளவுன்னும் நானே வந்து சொல்லுவேன். ஏறினாலும் சொல்லுவேன்."