முதல் தொட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் குமிழிக் குடியிருப்பில் எல்லோரும் கழுவாத பாத்திரத்தோடு வீட்டைவிட்டுப் புறப்படுவார்கள். நல்ல புடவை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் கருகிய சட்டி. போகுமிடம் பொதுக் கழுவுகூடம்.

குமிழியில் யாரும் சமைக்க வேண்டிய அவசியம் தீர்ந்து இரண்டு தலைமுறை ஆகிறது. வீட்டுக்கு வீடு ஏவலன் என்கிற இயந்திரம் சமைத்து, பரிமாறி, துடைத்தும் வைத்துவிடும். அதனாலேயே கையால் சமைப்பது கௌரவமாகிவிட்டது. கௌரவம் என்றால் அத்தாட்சி வேண்டுமே! சாப்பாட்டைக் காட்டினால் செல்லாது. அதை ஏவலனே செய்திருக்கலாம். ஆனால் ஏவலன் ஒருநாளும் பாத்திரத்தை அழுக்காக விட்டுவைக்காது. ஆகவே அழுக்குதான் அத்தாட்சி. பூமியில் ஒரு காலத்தில் மனிதர்கள் சாப்பிடும் முன் தட்டைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டினார்கள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கும்போது குமிழிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கழுவுகூடத்தில் வாசலைப் பார்த்த முதல் தொட்டி, யார் சட்டி அதிகம் கருகியிருக்கிறதோ அவருக்கு. சுகிர்தா குடிவந்த நாளிலிருந்து அதை அவள் யாருக்கும் விட்டதில்லை. அவளுடைய பெருமை நார்க்கறி. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஆட்டுத்தசையை மந்தச்சட்டியில் போட்டு, பகல் முழுக்கச் சிறு சூட்டில் வேகவிட்டு, நார் நாராகப் பிய்த்தெடுப்பது.

"என்னமோ போ அரசி, எவ்வளவு தேய்ச்சாலும் போகவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டே, சட்டியின் அடி வாசலுக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடிப்பாள்.

பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசிக்கு வயிறு எரியும். அந்தச் சூட்டில் இரண்டு சட்டி கறி வேகும்.

ஒரு சனிக்கிழமை அவள் ஏவலனைக் குளியலறைக்குள் தள்ளிப் பூட்டினாள். ஆட்டுத்தசை, வெங்காயம், வற்றல் மிளகாய், புளி எல்லாவற்றையும் மந்தச்சட்டியில் போட்டு மூடினாள். அடிக்கொரு தரம் மூடியைத் திறந்தாள்.

"திறந்து திறந்து பார்த்தா சூடு எறங்கிடாதா?" என்றான் கணவன் தணிகைநாதன். காற்றுக்குழாய் பழுதுபார்ப்பவன், அதிகம் பேசாதவன்.

"உங்களுக்குக் குழாய் தெரியும். கறி தெரியுமா?"

மாலையில் கறி தானாகவே சரிந்தது. இரண்டு முட்கரண்டியால் இழுத்தாள்; பொறுமை போய் விரலாலேயே பிய்த்தாள். சுட்டது. விரலை வாயில் வைத்தாள். அப்புறம் கொஞ்ச நேரத்துக்குச் சுகிர்தா என்றொருத்தி இருப்பதே அவளுக்கு மறந்துபோனது. தணிகைநாதன் நின்றபடியே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

பிறகுதான் சட்டிக்குள் பார்த்தாள். ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம், அவ்வளவே. அடியில் கருப்பின் சுவடே இல்லை.

முதலில் திக்கென்றது. பிறகு விளங்கியது. சிறு சூட்டில் வேகிற கறி எப்படி அடிபிடிக்கும்? அப்படியானால் சுகிர்தா சமைக்கவே இல்லை! அன்று போல் மங்கையர்க்கரசி என்றும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

மறுநாள் கூடத்தின் நடுவர் அம்பலவாணர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கருமைமானியை அவள் சட்டிக்குள் விட்டார். முள் அசையவில்லை.

சுகிர்தா எட்டிப் பார்த்தாள். "என்ன அரசி, ஏவலன் வெச்ச கறிக்கு நீ சட்டியில பழுப்புக் கோடு பூசி எடுத்துட்டு வந்தியா?"

கூடமே சிரித்தது.

"மந்தச்சட்டியில வெச்சா அடிபிடிக்காது அக்கா! வெச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லோரும் அவரவர் சட்டியைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாச் சட்டியும் அடியில் கன்னங்கரேலென்று இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அம்பலவாணர்தான் முதலில் தேறினார். "கையால் சமைத்ததற்கு இலக்கணம் அடிப்பிடித்தல். இதில் அது இல்லை. கடைசித் தொட்டி!"

கடைசித் தொட்டியில் வெந்நீர் பட்டதும் வளையம் ஒரே துடைப்பில் போய்விட்டது.

"பார்த்தீங்களா, பூசின கோடுதான்" என்றாள் சுகிர்தா.

வெளியே வரும்போது அம்பலவாணர் மங்கையர்க்கரசியின் காதோடு சொன்னார்: "மனசுல வெச்சுக்காதம்மா. பின்தெருவுல என் மச்சினன் கடை இருக்கு. ஜாடியில கருக்குப் பசை விக்கிறான். பூசிக் காயவெச்சா ஆறு நாளானாலும் போகாது. நான் சொன்னேன்னு சொல்லு, நல்லதா எடுத்துத் தருவான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மங்கையர்க்கரசி புதிதாக வாங்கிய சட்டியில் இரண்டு பூச்சு பூசி எடுத்துப் போனாள். கருமைமானியின் முள் ஒடிந்தது. முதல் தொட்டியில் நின்று தேய்த்தபோது, சுகிர்தாவின் பார்வை முதுகில் குத்துவது இதமாக இருந்தது.

பாராட்டெல்லாம் வாங்கிக்கொண்டு, பொழுது சாயும்போதுதான் வெற்றியோடு வீட்டுக் கதவைத் திறந்தாள். வாசனை ஆளைத் தூக்கியது. தணிகைநாதன் அடுக்களையில் மந்தச்சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சட்டி பளபளவென்று இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய நார்க்கறி. ஏவலன் குளியலறைக்குள் தட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, யாராவது பார்த்தாங்களா? இவ்வளவு சுத்தமான சட்டியை யாராவது பார்த்தா என் மானம் போயிடும்!"

"யாரும் பார்க்கல. ஒருத்தரும் இந்தப் பக்கம் வரல."

அவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மூடியை ஒருதரம்கூடத் திறக்காமல் வைத்திருக்கிறான் போல. வாயில் வெண்ணெயாட்டம் கரைந்தது. அவள் செய்ததைவிட ஒரு படி மேல்.

"எப்படி இருக்கு?" என்றான்.

மங்கையர்க்கரசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வயிற்றில் பழைய எரிச்சல், இந்த முறை சொந்த வீட்டு முகவரியில்.

"அடிபிடிச்சிருக்கு" என்றாள்.