காவல் மாற்ற ஆள் வரவில்லை

பட்டாபிராமனுக்கு யாரையும் நம்பும் பழக்கம் கிடையாது. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை. சைதாப்பேட்டையில் முன்னாள் ராணுவத்தினர் நல ஆபீஸில் விசாரணை இன்ஸ்பெக்டராக இருந்தவருக்கு அதுதான் மூலதனம். ஒரு விதவை அழுதால் முகத்தைப் பார்க்க மாட்டார், கைக்குட்டை நனைந்திருக்கிறதா என்று பார்ப்பார். காலை இழந்த ஜவான் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தால், எந்தக் கால் என்று ஃபைலில் ஒருதரம் சரிபார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். இதற்காக ஆபீஸில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதுவும் அவருக்குத் தெரியும்.

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் ஒரு பிற்பகல், பெருங்களத்தூர் ஸ்டேஷனில் இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு அவர் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நடந்தார். தபீதாள் என்ற டீச்சரின் மனு விஷயமாக வந்திருந்தார். அவள் புருஷன் அசரியா யுத்த காலத்தில் சிப்பாயாக இருந்தவன். அப்போது இந்த ஏரிக்கரையில் பட்டாளத்துக்காரர்கள் பெட்ரோல் பீப்பாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நாற்பத்து மூன்றில் ஊரே வெள்ளக்காடான அந்த மழையில், இங்கே காவலுக்கு நின்ற அசரியா ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனான். காவலை விட்டு ஓடிப்போனவன் என்று ரெக்கார்டில் ஏறிவிட்டது. எல்லாச் சிப்பாய்க்கும் கிடைத்த யுத்த மெடல்கூட அவன் பேருக்கு வரவில்லை. அவன் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே செத்தான், ரெக்கார்டைத் திருத்துங்கள் என்று தபீதாள் எழுதியிருந்தாள்.

இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன புதிதாக அக்கறை? வழி நெடுக பட்டாபிராமன் மனசில் இந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஏரியை ஒட்டித் தனியாக நின்றது அந்த ஓட்டு வீடு. சுற்றிலும் மனைக்கல் நட்ட காலி நிலங்கள். வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் ஓரத்தில், அசரியா காவல் நின்ற செங்கல் மேடை இடிந்து, பாசி பிடித்துக் கிடந்தது. வேறு இடமா கிடைக்கவில்லை இவளுக்கு?

தபீதாளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். வெள்ளைச் சேலையில், கண்டிப்பான டீச்சர் முகத்தோடு கதவைத் திறந்தாள். காப்பி கொடுத்தாள். ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

"பென்ஷன் எதிர்பார்க்கிறீங்களா, டீச்சர்?"

"வேண்டாம் சார். மிஷன் பள்ளிக்கூடத்துச் சம்பளம் எனக்குப் போதும். 'ஓடிப்போனான்'னு எழுதியிருக்கே, அதை மட்டும் அடிச்சிடுங்க. எங்க ஊர் வேதக் கோயில்ல யுத்தத்துல செத்தவங்க பேரையெல்லாம் கல்லுல வெட்டி வெச்சாங்க. இவர் பேரை விட்டுட்டாங்க. எங்க மாமியார் சாகற வரைக்கும் அந்தக் கல்லு பக்கம் திரும்பாமலே கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்க."

பணம் வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் பட்டாபிராமனுக்கு இரண்டு மடங்கு சந்தேகம் வரும். காப்பியைக் குடித்துக்கொண்டே கண்ணை ஓட்டினார். பின்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஓர் ஆம்பளைத் துண்டு தொங்கியது. சலவை மடிப்புக் கலையாத துண்டு. வண்டி வாகனம் ஒன்றும் இல்லாத அந்த வீட்டில் லேசாகப் பெட்ரோல் வாசனை அடித்தது. எழுந்து பின்கதவைத் திறந்து பார்த்தார். மேடையிலிருந்து படி வரைக்கும் சேற்றில் பூட்ஸ் தடங்கள் வந்திருந்தன. படியோடு நின்று, திரும்பி, வந்த வழியே போயிருந்தன. எல்லாம் புதுத் தடங்கள்.

மழை வலுத்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தட்... தட்... தட்... நிதானமான பூட்ஸ் நடை. ஓர் இடத்தில் குதிகாலை ஓங்கி வைக்கும் சத்தம். ஒரு திரும்பல். மறுபடியும் நடை. கன்டோன்மென்ட் ஆபீஸ்களில் பல வருஷம் குப்பை கொட்டியவருக்கு அது யாருடைய நடையென்று சொல்லித்தர வேண்டியதில்லை. காவல் நிற்கும் சிப்பாயின் நடை.

பட்டாபிராமனுக்கு உள்ளூரக் குஷியாகிவிட்டது. ஆள் உயிரோடு இருக்கிறான்! ஓடிப்போனவனை இந்த அம்மாள் வீட்டில் ஒளித்து வைத்துக்கொண்டு, செத்துப்போனான் என்று மெடல் கேட்கிறாள்.

"வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லை சார்."

"அப்போ அந்தச் சத்தம்?"

தபீதாள் சட்டென்று நிமிர்ந்தாள். மாட்டிக்கொண்டவளின் பயம் அந்த முகத்தில் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். பயம் துளியும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது.

"உங்களுக்கும் கேக்குதா சார்?" என்றாள் தாழ்ந்த குரலில்.

அவர் குடையை எடுத்துக்கொண்டார். கைதேர்ந்த நடிகை என்று ஸ்டேஷன் போகும் வரை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனார். ஆனால் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தபீதாளை விட்டால் அசரியாவின் முகம் தெரிந்த ஒரே ஆள் பொன்னுரங்கம். தாம்பரம் மார்க்கெட் பக்கம் மண்ணெண்ணெய் டிப்போ வைத்திருந்தான். பழைய பட்டாளத்துக்காரன் என்கிற சலுகையில் கிடைத்த லைசென்ஸ். அன்று ராத்திரி அசரியாவிடமிருந்து காவல் மாற்றிக்கொள்ள வேண்டியவன் அவன்தான். 'நான் போனேன், மேடையில் ஆள் இல்லை' என்று அவன் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துத்தான் அசரியா ஓடிப்போனவன் ஆனான். பட்டாபிராமன் நேராக அவனிடம் போய், ஏரிக்கரைக்குக் கூட வரச் சொன்னார்.

"அந்தாண்ட நான் வர்ல சார்," என்றான் பொன்னுரங்கம். "இன்னாத்துக்கு சார் பழைய பேஜாரெல்லாம்? செத்தவன் செத்தான்."

"செத்தானா? ஓடிட்டான்னுதானேய்யா நீ சொன்னே?"

பொன்னுரங்கம் எச்சிலை விழுங்கினான். பட்டாபிராமன் அதையும் கவனித்து வைத்துக்கொண்டார்.

"ஆள் உயிரோட அந்த வீட்லதான் இருக்கான். நீ வந்து அடையாளம் காட்டினா உன் பேச்சு நிஜம்னு ஆயிடும். வரமாட்டேன்னா உன் பழைய ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்து நான் கிளற வேண்டியிருக்கும். லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயம் வேற, இல்லையா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மழை பிடித்துக்கொண்டு பெய்தது. ஏரி நிரம்பி, தண்ணீர் மேடையின் விளிம்பு வரை வந்துவிட்டிருந்தது. தவளைச் சத்தம்கூட இல்லை. ஈரத் தோலும் பெட்ரோலும் கலந்த நெடி மட்டும் காற்றில் நின்றது.

பட்டாபிராமன் திட்டத்தோடு வந்திருந்தார். தான் முன்வாசலில் கதவைத் தட்டினால் ஒளிந்திருப்பவன் பின்பக்கமாக ஓடி வருவான். அங்கே பொன்னுரங்கம் நின்றால் முகத்தைப் பார்த்துவிடலாம்.

"இந்த மேடையில நில்லு. நான் வந்து போகச் சொல்ற வரைக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது. புரிஞ்சுதா?"

"சார், இங்க வாணாம் சார். ரோட்டாண்ட நிக்கிறேன் சார்."

"நில்லுன்னா நில்லுய்யா!"

பழைய சிப்பாய்க்கு அதட்டல் போதும். பொன்னுரங்கம் மேடையில் ஏறி நின்றான்.

முன்வாசலில் தட்டியதும் தபீதாள் திறந்தாள். பட்டாபிராமன் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். கூடம், அறை, சமையலறை என்று டார்ச் அடித்துத் தேடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒருவரும் இல்லை. தபீதாள் தடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே பூட்ஸ் நடை தொடங்கியது.

தட்... தட்... தட்...

நின்றது.

"தம்! கோன் ஆத்தா ஹை?"

நில், யார் வருவது? காவல்காரன் இருட்டில் கேட்கும் பட்டாளத்துக் கேள்வி அது. இளவட்டக் குரல். தொண்டைக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும்போது பேசினால் எப்படி வருமோ அப்படி வந்தது.

பட்டாபிராமன் கணக்குப் போட்டுப் பார்த்தார். உயிரோடு இருக்கிற அசரியாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயசாகியிருக்க வேண்டும். இது ஐம்பது வயசுக் குரல் இல்லை.

மேடையிலிருந்து பொன்னுரங்கம் ஓலமிட்டான். "தோஸ்த்! அசரியா, நான்தான்டா, பொன்னுரங்கம்! நான் வர்ல மச்சான்... அன்னிக்கி நான் வரவே இல்ல. சாராயம் குட்சிட்டு டெண்ட்லியே பட்த்துக்கினேன். வெடிஞ்சு வந்தா மேடையே தண்ணிக்குள்ள கீது. நீ மாத்து ஆளு வர்ற வரைக்கும் நின்னுக்கினே இருந்துருக்கே. உன் தொப்பி மெதந்துக்கினு வந்துச்சு... எட்த்துப் பொதச்சிட்டேன். ஓடிட்டான்னு சொல்ட்டேன்டா!"

குதிகாலை ஓங்கி வைக்கும் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு நடை, இந்தத் தடவை வீட்டை நோக்கி வந்தது.

படி வரைக்கும் வந்தது.

நின்றது.

பிறகு உள்ளே வந்தது.

பட்டாபிராமன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். டார்ச் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சிமென்டுத் தரையில் ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே வந்தன. அவரைக் கடந்தபோது சில்லென்று ஏதோ உரசி, சட்டைத் தோள் நனைந்தது. பெட்ரோல் நெடி மூச்சை அடைத்தது.

"வாங்க," என்றாள் தபீதாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். "தலையைத் துவட்டுங்க முதல்ல."

துண்டு அவள் கையை விட்டு மெல்ல எழும்பியது.

பட்டாபிராமன் பின்வாசல் வழியாக வெளியே பாய்ந்தார். மேடையில் பொன்னுரங்கம் விறைப்பாக நின்றான். தண்ணீர் அவன் முழங்காலுக்கு ஏறியிருந்தது. இல்லாத துப்பாக்கியைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தான். டார்ச் வெளிச்சம் முகத்தில் பட்டும் கண் இமைக்கவில்லை.

போதும், வா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். தானே நிற்கச் சொன்ன ஆள், தான் கூப்பிட்டால் வந்துவிடுவான். பட்டாபிராமன் வாயைத் திறந்தார்.

"தம்!" என்றான் பொன்னுரங்கம், அவரைப் பார்த்து.

அவர் ஓடினார். செருப்பு போயிற்று, குடை போயிற்று. ஸ்டேஷனுக்கு வந்து விளக்கடியில் நின்ற பிறகுதான், கூப்பிடாமலே வந்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. திரும்பிப் போகத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் மீன் பிடிக்கப் போனவர்கள் பொன்னுரங்கத்தைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் கழுத்துக்கு மேலே போயிருந்தது. மேடையின்மேல் நின்றபடியே செத்திருந்தான். கரைக்குத் தூக்கி வந்து படுக்க வைத்த பிறகும் தோளில் இருந்த கையை யாராலும் பிரிக்க முடியவில்லை. குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருப்பான் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். பட்டாபிராமன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் ஒரு காரியம் செய்தார். பொன்னுரங்கம் சாவதற்கு முன்தினமே ஆபீஸுக்கு வந்து, காவல் மாற்றப் போகாததையும் பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டான் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சர்வீஸில் அவர் எழுதிய முதல் பொய். மேலே இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு மறுகேள்வி கேட்கவில்லை. பட்டாபிராமனே நம்பிவிட்டார் என்றால் அப்புறம் என்ன கேள்வி?

பங்குனியில் உத்தரவு வந்தது. சிப்பாய் அசரியா காவல் பணியில் உயிர்நீத்தார் என்று ரெக்கார்டு திருத்தப்பட்டது. யுத்த மெடலும் வந்தது. அதைத் தபாலிலேயே அனுப்பிவிட்டார். அந்த ஏரிக்கரைக்குப் போக அவர் தயாராக இல்லை. தபீதாள் பதில் போட்டிருந்தாள். ஊர்க் கல்லில் பேரைச் சேர்த்துவிட்டார்களாம். இப்போதெல்லாம் சத்தம் கேட்பதில்லையாம். வீட்டில் இருவரும் நன்றாகத் தூங்குகிறார்களாம்.

இருவரும் என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, பட்டாபிராமன் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். ஒருவழியாகத் தொலைந்தது என்று பெருமூச்சு விட்டார்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில், ஆபீஸ் பெருக்கும் கிளியம்மாள் துடைப்பத்தோடு அவர் மேஜைக்கு வந்தாள்.

"சார், கீய வாசப்படியாண்ட ஒரு ஆளு நிக்கிறாரு. ஒடம்பெல்லாம் தண்ணி சொட்டிக்கினு கீது. அந்தாண்ட போய்யான்னா அசைய மாட்டேங்கிறாரு. நீங்க வந்து சொன்னாத்தான் போவாராம்."

பட்டாபிராமன் படியிறங்கிப் போனார். வாசலில் யாரும் இல்லை. சுட்டெரிக்கும் வெயிலில் இரண்டு பாதம் அளவுக்கு ஈரம் மட்டும் காயாமல் இருந்தது. பார்க்கிறவர்கள் பைத்தியம் என்று நினைப்பார்களே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, அன்றைக்கு வாயில் வராத வார்த்தையைச் சொன்னார்.

"போதும் பொன்னுரங்கம். போயிடுப்பா."

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அன்று ராத்திரி மாதக்கணக்கில் வராத தூக்கம் வந்தது.

மறுநாள் அவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கிளியம்மாள் மறுபடியும் வந்து நின்றாள்.

"அந்த ஆளு இன்னிக்கும் வந்துக்கினாரு சார். நீங்க சொன்னது காதுல வுயுந்துச்சாம். ஆனா மாத்து ஆளு வந்து நிக்காம எடத்த வுட்டுப் போவக் கூடாதாமே? நீங்க எப்ப வர்றீங்கன்னு கேட்டுக்கினு நிக்கிறாரு."