கதவில் ஓர் உள்ளங்கை

"நிறுத்துங்க!"

மழை சொட்டும் குடையோடு ஷெட்டுக்குள் பாய்ந்தாள் அவள். அப்பா ஓட்டிய பந்தயக் காரின் கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த பெயின்டர் நிமிர்ந்தான். அகலமான, அமைதியான கண்கள்... திட்ட வந்தவளை அப்படியா பார்ப்பது?

"யாரைக் கேட்டுக் கை வச்சீங்க?"

"உங்க அண்ணனை. விக்கணுமாம், பளபளன்னு வேணுமாம்."

"பளபளன்னு வேணும்னா எவர்சில்வர் தட்டு வாங்கிக்கட்டும்!"

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு வேறு!

"இந்த மாடல்ல மொத்தமே பதினொண்ணுதான் செஞ்சாங்க. பாதி பந்தயத்துல நொறுங்கிப் போச்சு. மீதியை உங்கள மாதிரி ஆளுங்க புதுசாக்கிக் கெடுத்துட்டாங்க. முதல்ல அடிச்ச பெயின்டோட நிக்கிறது இது ஒண்ணுதான். ஒவ்வொரு கீறலும் எங்கப்பா ஓட்டின ஓட்டம். தெரியுமா?"

அவன் கதவைப் பார்த்தான். உள்ளங்கையளவு தேய்ந்திருந்தது. சிவப்புக்கு அடியில் வேறு பூச்சே இல்லை, நேராக உலோகம். அந்த இடத்தை விரலால் தடவினான். கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நனைந்தபடியே போய்விட்டான்.

மன்னிப்புக்கூடக் கேட்காமல்... திமிர்!

இரண்டு நாளில் அண்ணன் குதித்தான்.

"அந்தப் பெயின்டர் என்ன பண்ணியிருக்கான் பாரு! அவனும் அடிக்க மாட்டானாம். 'அந்தக் காரைத் தொடாதீங்க'ன்னு மத்த பெயின்டருங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கான். ஒருத்தனும் வர மாட்டேங்கிறான்!"

கார் அப்படியே நின்றது. அவள்தான் நிற்க முடியாமல் தவித்தாள். தானே போய்ப் பேசுவதா? ஒரு வாரம் ரோஷம் தடுத்தது. பிறகு ஒரு மழை மாலையில் அவன் பட்டறை வாசலில் நின்றாள்.

"அந்த இடத்தைச் சரி பண்ணிக் குடுங்க."

"முடியாதுங்க. கலரைப் பொருத்திடலாம். ஆனா அது பொய். நான் கெடுத்தது தெரியணும்." குரல் தாழ்ந்தது. "அதை நெனச்சுத் தூக்கமே இல்லை. நடுவுல உங்க கண்ணு வேற..."

"என் கண்ணு என்ன பண்ணுச்சு?"

"எரிச்சுது. இன்னும் எரியுது."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல ஒரு வாரமா?

"சரி, அது அப்படியே இருக்கட்டும். யாராவது கேட்டா, என் வீட்டுக்காரர் முதல்முதலா வந்த நாள்னு சொல்லிக்கிறேன்."

அவன் கையிலிருந்த பிரஷ் நழுவியது.

"என்ன... என்ன சொன்னீங்க?"

"ஒரு தடவைதான் சொல்லுவேன்!" என்று சீறிவிட்டு, குடையை அவன் பக்கமும் சாய்த்தாள்.